பாலுக்கு வைத்த ஒன்பது சென்ட்

1847-48 குளிர்காலம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மேய்ன் மாநிலத்தின் டாப்ஷம் என்ற சிற்றூரில், தெரிந்தவர் வீட்டு மாடியில் ஓர் இளம் தம்பதி இரவல் சாமான்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கணவர் விறகு வெட்டப் போனார். நாளெல்லாம் வெட்டினால் 50 சென்ட் கூலி. ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, மூன்று நாள் பாலுக்கென்று 9 சென்டை மனைவியிடம் வைத்துவிட்டுப் போனார். கைக்குழந்தையின் கைகளை மூட ஒரு நல்ல துணி இல்லை. பால் வாங்குவதா, துணி வாங்குவதா என்று அந்த 20 வயதுத் தாய் யோசித்தார். கடைசியில் பாலை விட்டுவிட்டுத் துணி வாங்கிக் குழந்தைக்குத் தைத்துப் போட்டார். அந்தத் தாய் எலன் ஒயிட். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் தீர்க்கதரிசன வரம் பெற்றவராக இன்றும் மதிக்கும் பெண். இதை எழுதி வைத்தவரும் அவரே. அத்தனை வறுமையிலும் தேவன் தங்களைக் கைவிடவில்லை என்று காட்டத்தான் எழுதினார். ஆனால் இன்று படிக்கிறவரின் மனதில் தங்குவது அந்த 9 சென்ட் கணக்குதான். நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் அதற்குக் கிடையாது.

ஒரு சமயத் தலைவரைப் பற்றி அவருடைய வீட்டார் விட்டுச்சென்ற நினைவுகளை எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருப்பதாக நினைக்கிறேன். எதை நிரூபிக்க ஒரு குடும்பக் கதை சொல்லப்படுகிறதோ, அதற்கு அந்தக் கதை பெரும்பாலும் பலவீனமான சான்றாகவே இருக்கும். எதையும் நிரூபிக்கும் எண்ணமில்லாமல் போகிற போக்கில் அதில் விழுந்த சொற்கள் இருக்கின்றனவே, அவற்றைவிட நம்பத்தக்க சான்று கிடைப்பது அரிது. அப்படியிருக்க, அற்புதங்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, பால் கணக்கையும் பிள்ளைகளைக் கடிந்துகொண்ட கடிதங்களையும் கணவன் மனைவி மனத்தாங்கலையும் ஒதுக்கிவிடுவது, சபைகள் தங்கள் முன்னோருக்குச் செய்யும் மரியாதை என்று என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையில் அது அவர்களை இழப்பது. எலன் ஒயிட்டின் குடும்பத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சமயத் தலைவர்களில் இத்தனை காகிதங்களை விட்டுச்சென்ற வீடு அதிகம் இல்லை. அந்தக் காகிதங்களை யார் வைத்துக்கொள்வது, யாருக்குக் காட்டுவது என்று இத்தனை காலம் தடுமாறிய வீடும் அதிகம் இல்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சில செய்திகள். 1827 நவம்பர் 26 அன்று மேய்னின் கோர்ஹம் என்ற ஊரில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார். தந்தை தொப்பி செய்பவர். ஒன்பது வயதில் இன்னொரு சிறுமி எறிந்த கல் முகத்தில் பட்டு மூக்கு உடைந்தது. பல நாள் நினைவின்றிக் கிடந்தார். பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. வில்லியம் மில்லர் என்ற விவசாயி வேத எண்களைக் கணக்கிட்டு கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை அறிவித்தபோது, அதை நம்பியதற்காக எலனின் குடும்பம் மெதடிஸ்ட் சபையிலிருந்து நீக்கப்பட்டது. எதிர்பார்த்த 1844 அக்டோபர் 22 வந்தது, போனது. ஆயிரக்கணக்கானவர்கள் மனமுடைந்து சிதறிய அந்த டிசம்பரில், 17 வயது எலன் தனக்கு ஒரு தரிசனம் கிடைத்ததாகச் சொன்னார். 1846-இல் ஜேம்ஸ் ஒயிட்டை மணந்தார். சிதறியவர்களில் ஒரு சிறு கூட்டம் மெல்லத் திரண்டு 1863-இல் சுமார் 3,500 பேர் கொண்ட சபையாக அமைந்தது. இன்று உலகெங்கும் அதன் உறுப்பினர்கள் 2 கோடிக்கு மேல். எலன் 1915 ஜூலை 16 அன்று கலிஃபோர்னியாவில் இறந்தார்.

சபைக்குள் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த கதைகளில் மிகவும் புகழ்பெற்றது பெரிய வேதாகமத்தின் கதை. 1845-இல் போர்ட்லண்டில் பெற்றோர் வீட்டில் தரிசனத்தில் இருந்தபோது, 18 பவுண்டு, அதாவது 8 கிலோ எடையுள்ள குடும்ப வேதாகமத்தை, நோயாளியான அந்தப் பெண் ஒரு கையில் நீட்டிப் பிடித்து அரை மணி நேரம் போல நின்றார் என்பது கதை. அந்த வேதாகமம் இன்றும் இருக்கிறது. ஆனால் அன்று அந்த அறையில் இருந்த ஒருவர் அன்றே எழுதி வைத்த குறிப்பு என்று எதுவும் கைக்குக் கிடைப்பதில்லை. இதை ஊர் ஊராகப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜே. என். லஃப்பரோ என்ற முன்னோடிப் போதகர். அவர் இந்த இயக்கத்தில் சேர்ந்ததே 1852-இல். கேட்டதைத்தான் அவர் எழுதினார். எலன் இறந்து நான்கு ஆண்டுகளில், 1919-இல், சபையின் வேதாகம ஆசிரியர்களும் வரலாற்று ஆசிரியர்களும் கூடிய மாநாட்டில் இந்தப் பேச்சு வந்தது. அப்போதைய உலகத் தலைவர் ஏ. ஜி. டேனியல்ஸ், ஆஸ்திரேலியாவில் எலனோடு பல ஆண்டுகள் பணியாற்றியவர், அது நடந்ததா இல்லையா என்று தனக்குத் தெரியாது, தான் அதைப் பார்த்ததில்லை, பார்த்தவர்களோடு பேசியதாகவும் நினைவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். எலனின் ஊழியத்தை அவர் முழுமனதோடு நம்பியவர். அந்த நம்பிக்கையை இந்தக் கதையின் மேல் கட்ட முடியாது என்பதுதான் அவர் சொன்னது.

இதனால் அந்தக் கதை பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். அது ஒரு முடிவை நோக்கியே நடக்கிறது. கேட்பவர் வியக்க வேண்டும், வியந்து நம்ப வேண்டும். அப்படி ஒரு வேலையோடு பிறக்கும் கதை, சொல்பவர் மாறும்போதெல்லாம் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்படி தன்னைச் செதுக்கிக்கொள்ளும். யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்ல வேண்டியதில்லை; அன்பு போதும், காலம் போதும். இதன் பக்கத்தில் 1852 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரிலிருந்து எலன் எழுதிய கடிதத்தை வைத்துப் பாருங்கள். ஆண்டு வாடகை 175 டாலருக்குப் பழைய வீடு ஒன்று பிடித்திருக்கிறார்கள். அச்சு இயந்திரமும் அதே வீட்டில்தான். பழைய கட்டில் இரண்டு, ஒன்று 25 சென்ட். கணவர் ஆறு நாற்காலி வாங்கி வந்தார், ஒன்றைப் போல் ஒன்று இல்லை, மொத்தம் ஒரு டாலர். பிறகு உட்காரும் பகுதியே இல்லாத நான்கு நாற்காலி, 62 சென்ட். சட்டம் உறுதியாக இருக்கிறது என்று அவற்றுக்கு இவரே துணி கட்டிக்கொண்டிருக்கிறார். 62 சென்டைக் கற்பனை செய்ய யாருக்கும் காரணம் கிடையாது. உலகம் முழுவதும் நூல்களும் பத்திரிகைகளும் அனுப்பும் ஒரு சபையின் பதிப்புப் பணி எப்படிப்பட்ட வீட்டுக்குள் நடந்தது என்பதை இந்தக் கணக்கு காட்டுவதுபோல் எந்த அற்புதக் கதையாலும் காட்ட முடியாது.

அந்த வறுமைக்கு விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள். மூத்தவன் ஹென்றி, அந்த 9 சென்ட் துணிக்குரியவன், ஒரு வயதைக் கடந்த சமயத்தில் டாப்ஷமிலேயே ஹாவ்லண்ட் குடும்பத்தாரிடம் விடப்பட்டான். பெற்றோர் ஊர் ஊராகச் சென்று சிதறிய விசுவாசிகளைச் சந்திக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவு ஐந்து ஆண்டு நீடித்தது. தான் செய்த தியாகங்களிலேயே கடினமானது இது என்ற உணர்வை எலன் மறைக்கவில்லை. 1860-இல் பிறந்த நான்காவது மகன் மூன்று மாதம்கூட நிறையுமுன் இறந்தான். 1863 இறுதியில் மீண்டும் டாப்ஷமில் தங்கியிருந்தபோது, தீர்க்கதரிசன விளக்கப் படங்களைத் துணியில் ஒட்டும் வேலையில் இருந்த ஹென்றி ஈரத்துணிமேல் படுத்துத் தூங்கிச் சளி பிடித்ததாகக் குடும்ப நினைவு சொல்கிறது. சளி நிமோனியா ஆயிற்று. டிசம்பர் 8 அன்று, 16 வயதில் இறந்தான்.

அடுத்த ஆண்டே அவன் நினைவாக ஒரு சிறு நூல் வந்தது. அடக்க ஆராதனையில் நிகழ்த்திய பிரசங்கம், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இளம் பெண் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு, தாய் தன் மகன்களுக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவை அதில் இருந்தன. இளைஞர்களை நல்வழிப்படுத்தும் நோக்கத்தில் வெளியான அந்த நூல் இன்று நமக்குக் காட்டுவது வேறு. சின்னஞ்சிறு மகன் வில்லிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், நல்லது செய்ய முயலும் பிள்ளைகளைக் கர்த்தர் நேசிக்கிறார், கெட்ட பிள்ளைகளை அவர் நேசிப்பதில்லை என்று தாய் எழுதுகிறார். அன்றைய நியூ இங்கிலாந்து வீடுகளில் இது அதிர்ச்சி தரும் வாக்கியம் இல்லை. அந்த மொழியில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆனால் 1892-இல், ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து, அதே எலன் ஒரு சபைப் பத்திரிகையில் பெற்றோருக்கு அறிவுரை எழுதும்போது, தவறு செய்யும் பிள்ளையைத் தேவன் நேசிப்பதில்லை என்று ஒருபோதும் கற்பிக்காதீர்கள் என்கிறார். அவர் நேசிப்பதால்தான் அந்தத் தவறு அவரைத் துக்கப்படுத்துகிறது என்று சொல்லிக்கொடுங்கள் என்கிறார். இந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வைத்திருந்தால் நம்மிடம் ஒரு நல்ல அறிவுரை இருக்கும். முதலாவதையும் சேர்த்து வைத்திருப்பதால் ஒரு மனுஷி இருக்கிறார். இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர். கடன்களாலும் போக்காலும் பெற்றோரைக் கலங்கவைத்த எட்சன் என்ற மகனுக்குக் கடிந்து கடிந்து கடிதம் எழுதியவர். அந்த எட்சனே பின்னாளில் நீராவிப் படகு ஒன்றைக் கட்டி, மிசிசிப்பி ஆற்றங்கரையில் அடிமைத்தளையிலிருந்து மீண்ட கருப்பின மக்களுக்கு எழுத்தறிவிக்கப் போனதைப் பார்த்தவர். தேவனைப் பற்றிய அவருடைய புரிதல் இந்த வீட்டுக்குள் நடந்தவற்றோடு தொடர்பில்லாமல் மாறியிருக்கும் என்று நம்புவது எனக்குக் கடினம். கடிதங்களைத் தேதி வரிசையில் படித்தால் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது.

உணவு விஷயத்தில் இதே வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 1863-இல் கிடைத்த ஒரு தரிசனத்துக்குப் பிறகு எலன் உடல்நலச் சீர்திருத்தத்தைத் தன் செய்தியின் பகுதியாக்கினார். மது, புகையிலை, புலால் விலக்கல், நல்ல காற்று, தண்ணீர், ஓய்வு எல்லாம் அதில் அடக்கம். அட்வென்டிஸ்ட் மருத்துவமனைகள் அந்த வேரிலிருந்து முளைத்தவை. இனி 1882-இல் அவர் தன் மருமகள் மேரிக்கு எழுதிய கடிதம். ஒரு பெட்டி ஹெர்ரிங் மீன் கிடைத்தால் வாங்கு, புதியதாக இருக்கட்டும், போன முறை வில்லி வாங்கி வந்தது கசப்பும் பழசுமாக இருந்தது. நல்ல தக்காளி டின் கிடைத்தால் வேண்டும். நல்ல சிப்பி டின் கிடைத்தால் சிலவற்றை வாங்கு. ஒரு மாமியார் மருமகளுக்கு எழுதிய கடைச் சீட்டு அவ்வளவுதான். ஓட்டுடலிகளை அட்வென்டிஸ்டுகள் இன்று லேவியராகமத்தின்படி விலக்குகிறார்கள் என்பதால் இந்தச் சீட்டு விமர்சகர்கள் கையில் பெரிய ஆயுதமாயிற்று. ஊருக்குத்தான் உபதேசம் என்றார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. 1882-இல் அந்தச் சபையில் சிப்பியைப் பற்றிய விதி உறுதியாகவே இல்லை. புலாலைப் பொறுத்தவரை அவர் வழுக்கியும் திரும்பியும் போனவர் என்பது அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது. 1894 ஜனவரியில்தான், ஆஸ்திரேலியாவில், மிருகங்களின் வேதனையைப் பற்றி ஒரு கத்தோலிக்கப் பெண் பேசியது மனதைத் தைத்து, தன் மேசையிலிருந்து இறைச்சியை முற்றாக விலக்கினார். தரிசனத்துக்கும் அந்த முடிவுக்கும் இடையே 30 ஆண்டுகள். ஒரே இரவில் மாறியவர் என்று சொல்லப்பட்ட கதையைக் கேட்டுவிட்டுத் தன்னால் முடியவில்லையே என்று குமையும் விசுவாசிக்கு இந்த 30 ஆண்டுக் கணக்கு தரும் ஆறுதலை வேறெதுவும் தராது.

இங்கே முதல் மறுப்பு எழும். குடும்பத்தார் பக்கச்சார்பு உள்ளவர்கள், அவர்கள் சொல்வதை எப்படி வரலாறாக எடுத்துக்கொள்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதுவும் இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை மிக நியாயமான கேள்வி. தாயின் பயணங்களிலும் எழுத்து வேலையிலும் வலக்கையாக இருந்தவர் வில்லி. அவர் தன் பெற்றோரைப் பற்றிய நினைவுத் தொடரை 1935 முதல் சபைப் பத்திரிகையில் எழுதினார். வில்லியின் மகள் எல்லா ராபின்சன் பாட்டியைப் பற்றிய கதைகளை 1967-இல் நூலாக்கினார். வில்லியின் மகன் ஆர்தர் ஒயிட் 1937 முதல் 1978 வரை பாட்டியின் எழுத்துகளைக் காக்கும் அறக்கட்டளையின் செயலாளராக இருந்து, பிறகு ஆறு தொகுதி வாழ்க்கை வரலாறு எழுதி முடித்தார். அதாவது, நினைவு சொல்பவர்களே பெட்டகத்தின் சாவியையும் வைத்திருந்தார்கள். 1976-இல் ரொனால்ட் நம்பர்ஸ் என்ற வரலாற்றாசிரியர் எலனின் உடல்நலக் கருத்துகள் அவர் காலத்துச் சீர்திருத்தவாதிகளின் எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டியபோது எழுந்த கொந்தளிப்புக்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். பேரன் தன் பாட்டியை நேசிப்பதில் குற்றமில்லை. ஆனால் நேசிப்பவரே நீதிபதியாகவும் பதிவாளராகவும் இருக்கக்கூடாது.

அதே சமயம் பக்கச்சார்பு என்ற ஒரு சொல்லால் இந்த நினைவுகளை எல்லாம் குப்பையில் போட்டுவிட முடியாது. சார்பு உள்ளவர் எங்கே வளைப்பார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். அந்தத் திசைக்கு எதிராக அவர் வாயிலிருந்து ஒன்று வந்தால் அதற்கு மதிப்பு இரட்டிப்பு. எலனின் நூல்கள் எப்படி உருவாயின என்று விளக்கி வில்லியும் எல்லாவின் கணவர் டோரஸ் ராபின்சனும் 1933-இல் எழுதிய குறிப்பில், பிறர் நூல்களை அவர் படித்துப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்கள். எதிரிகள் கிளப்பிய குற்றச்சாட்டுக்கு வீட்டுக்குள்ளிருந்தே வந்த சாட்சி அது. எலனுமே இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்தார். 1860-இல் தன் வாழ்க்கை அனுபவங்களை முதன்முதலாக விரிவாக நூலாக்கியபோது, நினைவையும் கடிதங்களையும் நம்பித்தான் எழுதினார். தவறான தகவல் ஏதும் கண்ணில் பட்டால் உடனே தெரிவிக்கும்படி வாசகர்களை அதிலேயே கேட்டுக்கொண்டார். தரிசனம் கண்டவர் என்று மதிக்கப்பட்ட ஒருவர், என் நினைவு பிசகலாம், திருத்துங்கள் என்று தன்னை அறிந்தவர்களிடம் கேட்டிருக்கிறார். அவருடைய நினைவைத் தொட்டாலே பாவம் என்று பின்னால் வந்தவர்கள் பதறியதற்கு அவர் பொறுப்பில்லை.

இரண்டாவது மறுப்பு மேய்ப்பர்களிடமிருந்து வரும். எளிய விசுவாசிகள் இதையெல்லாம் தாங்கமாட்டார்கள். சிப்பி டின்னையும் மனத்தாங்கலையும் காட்டி அவர்கள் நம்பிக்கையை ஏன் குலைக்க வேண்டும்? இந்த அக்கறை போலியானது என்று நான் சொல்லமாட்டேன். 1919 மாநாட்டில் பேசியவர்களுக்கும் இதே பயம்தான் இருந்தது. தங்களுக்குள் திறந்து பேசினார்கள், வெளியே சொல்லத் துணியவில்லை. சுருக்கெழுத்தர்கள் எடுத்த குறிப்புகள் சபையின் ஆவணக் காப்பகத்தில் மறந்துபோய்க் கிடந்து, 1974-இல்தான் கண்டெடுக்கப்பட்டன, 1979-இல் அச்சேறின. இடையில் இரண்டு தலைமுறை அற்புதக் கதைகளை மட்டுமே கேட்டு வளர்ந்துவிட்டது. அந்தத் தலைமுறைகளின் பிள்ளைகள் 1970-களிலும் 80-களிலும் ஒன்றன்பின் ஒன்றாக உண்மைகளைத் தெரிந்துகொண்டபோது, தலைவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது என்ற செய்திதான் அவர்களை அதிகம் காயப்படுத்தியது. எலன் தவறக்கூடியவர் என்பதைத் தாங்கிக்கொள்ள முடிந்தவர்களாலும், தாங்கள் குழந்தைகளாக நடத்தப்பட்டோம் என்பதைத் தாங்க முடியவில்லை. பலர் சபையைவிட்டே போனார்கள். எளியவர் தாங்கமாட்டார் என்று முடிவு செய்பவர்கள் எளியவர்களைக் கேட்டு முடிவு செய்வதில்லை. 9 சென்டில் பாலா துணியா என்று கணக்குப் போட்ட பெண்களுக்கு இந்த வாழ்க்கையில் புரியாதது என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எலன் ஒயிட் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனால் திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் காலடி வைக்கும் முன்பே சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஆங்கிலிக்க மிஷனோடு மோதிப் பிரிந்த சட்டாம்பிள்ளை 1857-இல் தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபையார் அவர்கள். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அட்வென்டிஸ்டுகளின் தமிழ்ப் பணி அங்கேதான் வேர் பிடித்தது. ஆக, அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் கதைகள் இங்கே வந்தபோது, ஏற்கெனவே தங்களுக்கென்று ஒரு சண்டையும் ஒரு தீர்மானமும் ஒரு நினைவும் கொண்ட வீடுகளுக்குள் வந்தன. மேல்நாட்டு முன்னோடிகளின் சாட்சிகளை மொழிபெயர்த்துப் படிக்க நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியை, அந்த வீடுகளின் பாட்டிமார்களும் பெரியப்பாமார்களும் சொன்னதைப் பதிவு செய்யக் காட்டினால் போதும். யார் சொன்னார், எந்த ஆண்டு சொன்னார், தானே பார்த்ததா கேட்டதா என்ற மூன்று குறிப்போடு எழுதி வைக்க வேண்டும். யாரோடு யார் பேசாமலிருந்தார்கள், நிலம் யார் கொடுத்தார், எந்தத் திருமணத்தால் எந்தக் குடும்பம் சபை மாறியது என்பதெல்லாம் சாட்சிக் கூட்டத்தில் சொல்லும் செய்திகள் இல்லைதான். ஆனால் ஒரு சபை எப்படி உண்டாயிற்று என்பது அவற்றில்தான் இருக்கிறது. இது அட்வென்டிஸ்டுகளுக்கு மட்டுமான பேச்சும் இல்லை. மிஷனரி வரலாற்றையே தன் வரலாறாகச் சொல்லிப் பழகிவிட்ட தென்மாவட்டத் திருச்சபைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மூன்றாவது மறுப்புதான் எனக்கு உண்மையில் கடினமானது. இறந்தவர்களுக்கும் அந்தரங்கம் உண்டல்லவா? 1876 மே மாதம் எலன் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இருந்தார்; ஜேம்ஸ் மிஷிகனின் பேட்டில் கிரீக்கில். 1865-இல் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு ஜேம்ஸின் சுபாவம் கடினப்பட்டிருந்தது. தன்னைக் கட்டுப்படுத்த நினைக்கும் கணவரைப் பற்றி, அவரோடு சேர்ந்து பயணம் செய்ய மனமில்லாததைப் பற்றி, எலன் தன் நெருங்கிய தோழி லூசிண்டா ஹாலுக்கு அடுத்தடுத்துக் கடிதம் எழுதினார். சில நாளில் இன்னொரு கடிதம். முன்பு எழுதியவற்றை எழுதியிருக்கக்கூடாது, வருந்துகிறேன், என் கடிதங்களை எரித்துவிடு என்றார். லூசிண்டா எரிக்கவில்லை. நெடுங்காலம் கழித்து அவை வெளிப்பட்டன. 1998-இல் எலனின் அறக்கட்டளையே தொகுத்த நூலில் அச்சாயின. எரிக்கச் சொன்னவரின் விருப்பத்தை மீறியது சரியா? கணவரும் மனைவியும் உயிரோடு இருந்தபோது, பிள்ளைகள் உயிரோடு இருந்தபோது அவற்றை வெளியிட்டிருந்தால் நானும் கண்டித்திருப்பேன். காயப்படக்கூடியவர்கள் யாரும் இல்லாத காலத்தில், அதுவும் திருமணத்தைப் பற்றியும் மனைவியின் கடமையைப் பற்றியும் அவர் எழுதியதை லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் வீடுகளில் கைக்கொள்ளும்போது, அவரே அந்தக் கடமைக்குள் எப்படித் திணறினார் என்பதை மறைக்கும் உரிமை யாருக்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இப்படிச் சொல்லும்போதும் ஒரு தயக்கம் போகவில்லை. அந்தத் தயக்கத்தோடே படிக்க வேண்டிய கடிதங்கள் அவை.

2015 ஜூலையில், எலன் இறந்து நூறாண்டு நிறைந்தபோது, அதுவரை வெளிவராத கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் அறக்கட்டளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அனுமதி கேட்டு, குழு கூடி, ஒவ்வொரு பக்கமாக விடுவித்த பழைய முறை அதோடு முடிந்தது. இன்று யாரும் 1876 மே மாதத்தைத் தேதி வரிசையில் படிக்கலாம். கோபம் இருக்கிறது, இனி தனித்தே பணி செய்வேன் என்ற உறுதி இருக்கிறது, பிறகு எரித்துவிடு என்ற வருத்தம் இருக்கிறது. அதே மாத இறுதியில் அவர் ரயிலேறி, கன்சாஸில் நடந்த முகாம் கூட்டத்தில் ஜேம்ஸோடு போய்ச் சேர்ந்தார். லூசிண்டா சொன்னபடி எரித்திருந்தால், கோபத்தோடு சேர்ந்து அந்த வருத்தமும் சாம்பலாகியிருக்கும். மேடையில் கணவனும் மனைவியும் அருகருகே நின்றார்கள் என்ற செய்தி மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கும்.